சாடியும் கொட்டகையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருப்பெரும்புதூரில் தொடங்கி ஒரகடம் வரை நீளும் இத்தொழில் வட்டாரத்தில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. மூன்று ஷிப்டுகளாக ஊர் விழித்திருக்கும் இடம் இது. அதன் நடுவே திங்கள்தோறும் ஒரு மாலைப்பொழுதைக் கவிதைக்கென ஒதுக்கியவர்களை வாழ்த்தி, எனக்கு இடப்பட்ட பணியைத் தொடங்குகிறேன்.

தொண்டை நாட்டு இலக்கியத்தில் வாழ்வியல் என்னும் பொருளில் பேசுமாறு பணித்தார்கள். அது கடல் போன்ற பொருள். அதில் ஒரு சாடியளவு மட்டும் முகந்து கொள்கிறேன். வீட்டில் கள் சமைத்தல் என்பதே என் பொருள். பெண்ணொருத்தி, அதுவும் ஆசிரியர் பணியில் இருப்பவள், விழா மேடையில் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் எண்ணக்கூடும். இலக்கியத்தில் இருப்பதை இல்லை என்று சொல்லும் உரிமை ஆசிரியர்க்கு இல்லை என்பதே அவர்கட்கு என் விடை.

கார்க் கொட்டகையில் ஒரு கைத்தொழில்

இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் வீட்டை ஒட்டிய கார்க் கொட்டகையைப் பீர் சமைக்கும் கூடமாக மாற்றிக்கொள்ளும் பழக்கம் பரவலாக உண்டு. காரை வெளியே நிறுத்திவிட்டுக் கொட்டகையை உலைக்களமாக்கி விடுகிறார்கள். சிமெண்டுத் தரையை வடிகாலை நோக்கிச் சாய்வாக அமைக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் இழுக்கிறார்கள். கொதிக்கும் கலத்திலிருந்து எழும் ஆவி வெளியேற வழி செய்கிறார்கள். நொதிக்கும் கலத்திலிருந்து வெளிப்படும் கரியமில வாயு காற்றினும் கனமானது, தரையோடு தங்குவது, அடைத்த அறையில் ஆளையே மயக்க வல்லது. ஆகவே காற்றோட்டம் அங்கு வசதிக்காக அன்று, உயிருக்காக.

இனிச் செய்முறை. பார்லி தானியத்தை முளைகட்டி உலர்த்தியதை நொறுக்கி, ஏறத்தாழ 65 பாகை வெப்பமுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுவர். அச்சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் இட்டு, ஒன்று அல்லது இரண்டு வாரம் மூடி வைப்பர். ஒருமுறை சமைப்பது பெரும்பாலும் ஐந்து காலன், அதாவது 19 லிட்டர். இத்தொழிலில் பாதி நேரம் கலம் கழுவுவதிலேயே கழியும். கழுவாத கலத்தில் வேண்டாத நுண்ணுயிர் புகுந்து முழுவதையும் புளிக்கச் செய்துவிடும்.

இப்பழக்கம் அந்நாடுகளிலும் நெடுங்காலம் தடையின்றி நடந்ததன்று. இங்கிலாந்தில் வீட்டில் பீர் சமைக்க உரிமம் வேண்டும் என்ற விதி 1963இல்தான் நீங்கியது. அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் 1978இல் ஒப்பமிட்ட சட்டத்தின் பின்னரே வீட்டுப் பீருக்கு நடுவணரசின் வரிவிலக்குக் கிடைத்தது. விற்பனை கூடாது, வீட்டுத் தேவைக்கு மட்டுமே, ஓர் இல்லத்துக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை என்பது அதன் வரம்பு.

நம் வட்டாரத்துக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கொரிய நிறுவனமான ஹூண்டாயின் கார்கள் உருவாகி வருகின்றன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலையும், 2012இல் செருமானிய நிறுவனமான டைம்லரின் சரக்குந்து ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. கார்களைப் பெற்றெடுக்கும் மண் இது. கார்க் கொட்டகை உள்ள வீடுகளும் பெருகிவிட்டன. ஆனால் அக்கொட்டகையில் ஒருவர் ஒரு குடம் அரிசிக் கள் சமைத்தால், அது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம். அளவு சிறிது, விற்பனைக்கு அன்று, வீட்டாருக்கு மட்டுமே என்னும் விளக்கங்கள் எவையும் செல்லா. அச்சட்டத்தை மீறுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. இன்று குற்றமாகிய இச்செயலின் முழுச் செய்முறையும் இம்மண்ணைப் பாடிய ஒரு பழம்பாடலுக்குள் இருக்கிறது. அதனை நாம் படிக்கிறோமா, படித்தால் எப்படிப் படிக்கிறோம் என்பதே என் வினா.

வழிநடைப் பாட்டுக்குள் ஒரு செய்முறை

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினார். 500 அடிகள். பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசில் பெற்ற பாணன் ஒருவன் வறிய பாணன் ஒருவனுக்கு வழி சொல்லுகிறான். உப்பு வணிகரின் வண்டிச் சாத்தும், எயினர் குடிலும், ஆயர் பாடியும், உழவர் ஊரும், வலைஞர் குடியும், அந்தணர் உறைவிடமும், கடற்கரைப் பட்டினமும் கடந்து வழி காஞ்சியில் முடிகிறது. அக்காஞ்சிக்கு நாற்பது கிலோமீட்டருக்குள்ளாகத்தான் நாம் அமர்ந்திருக்கிறோம்.

இவ்வழியில் கள் மூன்று இடங்களில் குறிப்பாக வருகிறது. மூன்றும் மூன்று வகை.

முதலாவது, குறும்பரணில் வாழும் வில்வீரரைப் பற்றியது. அவர்கள் பகைவர் நிலம் புகுந்து ஆநிரை கவர்ந்து வருகிறார்கள். கவர்ந்த ஆக்களைக் கள்ளுக்கு விலையாகக் கொடுத்துத் தீர்க்கிறார்கள். அதன்பின் வீட்டில் சமைத்த தோப்பியையும் பருகுகிறார்கள். தோப்பி என்பது நெல்லாற் செய்த கள். விலைக்கு வாங்கியது ஒன்று, இல்லத்தில் அட்டது ஒன்று என இரண்டையும் புலவர் வேறு பிரித்துச் சொல்வது கருதத்தக்கது. கடைக்கள்ளும் வீட்டுக்கள்ளும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது, வலைஞர் குடியிருப்பு. செய்முறை முழுவதும் இங்குதான் உள்ளது. அதன் கருத்தை என் சொற்களில் தருகிறேன். நன்கு தீட்டாத அரிசியை எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் களியாகக் குழையுமாறு துழாவிக் கூழாக்குகிறார்கள். இக்கூழுக்குத் துழவை என்று பெயர். அகன்ற வாயுடைய பிழா என்னும் தட்டில் இட்டு ஈரம் புலர ஆற்றுகிறார்கள். ஆறியபின் அடை ஒன்றைச் சேர்த்துப் பிசைகிறார்கள். அந்த அடை எப்படிப்பட்டது என்பதற்குப் புற்றின் உள்ளிருக்கும் குரும்பியை உவமை சொல்கிறார் புலவர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, உறுதியான வாயுள்ள சாடியில் பச்சை மணம் நீங்கும்வரை விளையவிடுகிறார்கள். பின் விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். அதனைச் சுட்ட மீனோடு, நடந்து தளர்ந்து வந்த பாணனுக்குத் தருகிறார்கள்.

எட்டு அடிக்குள் இத்தனையும் அடங்கிவிடுகின்றன. பொருள், பக்குவம், கலம், காலம், கலவை, வடிக்கும் முறை ஆகிய ஆறும் உள்ளன. கொட்டகைக்காரர் தம் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் செய்முறைத் தாளில் இதற்கு மேல் ஒன்றுமில்லை. 18 முதல் 22 பாகை வரை வெப்பம் வேண்டும் என்பதற்காக அவர்கள் குளிர்பதனப் பெட்டியைத் தேடுகிறார்கள். ஒன்றிரண்டு வாரம் காத்திருக்கிறார்கள். நம் வெயிலில் இரண்டு பகல், இரண்டு இரவு என்பது நிலத்தின் வெப்பத்தை அறிந்த கணக்கு.

அடையைப் பற்றிச் சிறிது நின்று பார்க்க வேண்டும். அரிசியில் இருப்பது மாச்சத்து. ஈஸ்ட் மாச்சத்தை உண்ணாது. சர்க்கரையை மட்டுமே உண்ணும். ஆகவே தானியத்தில் கள் சமைப்பவர் எவராயினும் முதலில் மாவைச் சர்க்கரையாக்க வேண்டும். உலகம் இதற்கு இரண்டு பெருவழிகளைக் கண்டது. ஒன்று தானியத்தை முளைகட்டுவது. முளைக்கும் தானியம் தன் மாவைத் தானே சர்க்கரையாக்கும். மேற்கின் பீர் இவ்வழியில் வந்தது. மற்றொன்று பூஞ்சை படர்ந்த மாவுக்கட்டியைச் சேர்ப்பது. பூஞ்சை மாவைச் சர்க்கரையாக்க, உடனுறையும் ஈஸ்ட் சர்க்கரையை மதுவாக்கும். கிழக்கு ஆசியாவின் அரிசி மதுக்கள் இவ்வழியின. பெரும்பாணாற்றுப்படையின் அடை எவ்வழியைச் சேர்ந்தது? முளைவிட்ட தானியத்தை இடித்துச் சேர்த்தது என்று பொருள் கொள்வோர் உளர். உவமையை நோக்கினால் இரண்டாம் வழிக்கும் இடமுண்டு என்று கருதுகிறேன். குரும்பி என்பது புற்றாஞ்சோறு. கறையான்கள் தம் உணவுக்கென்று பூஞ்சை வளர்க்கும் துளைத்துளையான கூடு அது. பூஞ்சை படர்ந்த மாவடைக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. வடிவம் கண்டு சொன்னாரா, தன்மை அறிந்து சொன்னாரா என்பதைவிட, அருகே நின்று கண்டிருந்தாலன்றி இவ்வுவமை பிறந்திராது என்பதே முக்கியம்.

மூன்றாவது இடம் பட்டினம். அங்கே கள் அடும் மகளிர் வருகிறார்கள். அவர்கள் வட்டில் கழுவி ஊற்றிய நீர் வழிந்து குழம்பிச் சேறாகிறது. அச்சேற்றில் பன்றிகள் புரள்கின்றன. ஆலைக் கழிவுநீர் பற்றி நாள்தோறும் கேட்கும் நாம், கள் சமைக்கும் இடத்தின் கழிவுநீரையும் விடாமல் பாடிய புலவரை நன்றியோடு எண்ணலாம். கழுவுதல் இத்தொழிலில் பாதி என்று முன்னர்ச் சொன்னேன். உருத்திரங்கண்ணனார் அந்தப் பாதியைக் கண்டிருக்கிறார்.

இன்னுமொரு செய்தி. வலைஞர் குடியிருப்புக்குச் சற்று முன்னர்க் கரும்பாலைகள் வருகின்றன. அங்கு எந்திரத்தின் ஓசை ஓய்வதில்லை. எந்திர ஒலியைக் கேட்டுக்கொண்டே வழிநடந்து சாடியண்டை வந்து சேரும் பாணனின் வழி, இவ்வட்டாரத்துக் கவிஞர்க்கு அயலானதன்று.

பெயர்களின் பொருள்

கவிஞர் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கள், நறவு, தேறல், பிழி, அரியல், மட்டு, தோப்பி என்னும் சொற்களை நாம் எதுகைக்கு ஏற்ப மாற்றி மாற்றி வைக்கிறோம். நிகண்டு ஒரே வரிசையில் அடுக்கிவிட்டதால் அவை ஒரே பொருளன என்று எண்ணிவிட்டோம். சொற்பிறப்பை நோக்கினால் அவற்றுள் சில, செய்கையின் பெயர்கள். அரிக்கப்படுவது அரியல். பிழியப்படுவது பிழி. தெளிந்து தேறியது தேறல். மணத்தால் வந்தது நறவு. கலத்தில் நடந்த வேலை ஒவ்வொன்றும் ஒரு பெயரை விட்டுச் சென்றிருக்கிறது. இவற்றுள் சில பின்னர்ப் பொருள் விரிந்தன என்பதும் உண்மை. அதே புலவரின் பட்டினப்பாலையில் பனையிலிருந்து பெற்றதும் பிழி எனப்படுகிறது. ஆயினும் சொல்லின் வேரில் ஒரு கை அசைந்துகொண்டிருக்கிறது.

ஆங்கிலத்தில் வீட்டுப் பீர் சமைப்போர் ஒவ்வொரு படிக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள் என்று வியக்கிறோம். நம்மிடமும் இருந்தன. வேலை நின்றது, சொற்கள் அணிகலன்களாயின. தொழில் அழிந்தால் அதன் சொல் உடனே அழிவதில்லை. முதலில் பொருள் தேய்ந்து வெறும் அழகாக மாறுகிறது. அதன்பின் கவிஞன் அதை எங்கும் வைக்கலாம். எங்கும் வைக்கத்தக்க சொல் எதையும் சொல்லாத சொல்.

குடிப்போர் பக்கமும் நம் இலக்கியத்தில் நிறைய உண்டு. தொல்காப்பியம் வெட்சியில் உண்டாட்டு என்றொரு துறை வகுத்தது. அதியமான் நெடுமான் அஞ்சியின் மறைவுக்கு ஔவையார் பாடிய கையறுநிலையில் கள்ளைப் பகிர்தல் நட்பின் அளவாக நிற்கிறது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறப்பாட்டில் யவனர் கொணர்ந்த தேறல் பொற்கலத்தில் வருகிறது. புதுவைக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தமை அதற்குச் சான்றாக நிற்கிறது. இவை யாவும் அரசவைக் காட்சிகள். கலத்தை ஏந்துவோரையும் பருகுவோரையும் காட்டுவன. பெரும்பாணாற்றுப்படையின் தனிச்சிறப்பு, அது சமைப்போரைக் காட்டுவது.

சுமேரிய நாட்டிலும் இத்தகைய பாட்டு ஒன்று உண்டு. பீர் சமைத்தலுக்குரிய தெய்வம் நின்காசி என்னும் பெண். அவள் மீதான துதிப்பாடல் ஏறத்தாழ 3800 ஆண்டுகளுக்கு முற்பட்ட களிமண் ஏடுகளில் கிடைத்தது. துதியின் ஊடாகச் சமைக்கும் படிகள் சொல்லப்படுகின்றன. மிகேல் சிவில் என்னும் அறிஞர் அதனை 1964இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். 1989இல் சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் பீர் ஆலை அவர் துணையோடு அம்முறையில் ஒரு பீரைச் சமைத்துப் பார்த்தது. பாட்டை நம்பி உலை வைத்தார்கள். நம் பாட்டை நம்பி எவரும் உலை வைத்துப் பார்க்க நம் மாநிலத்தில் வழியில்லை. அதனால் அடை எது என்ற ஐயம் உரையாசிரியர்க்கிடையிலான ஐயமாகவே நின்றுவிடுகிறது.

சாடியும் வரியும்

கொரியாவில் மக்கல்லி என்னும் அரிசி மது உண்டு. சோற்றை ஆற்றி, நூருக் என்னும் பூஞ்சைக் கட்டியை இடித்துக் கலந்து, சாடியில் சில நாள் விளையவிட்டுப் பிழிவார்கள். பெரும்பாணாற்றுப்படை வலைஞர் கேட்டால் தம் வீட்டு வேலை என்றே சொல்வர். அக்கொரியாவில் வீட்டுக்கு வீடு நடந்த இத்தொழில் சப்பானியர் ஆட்சியில் வரிச் சட்டங்களால் நெருக்கப்பட்டு, 1934இல் முற்றும் தடையானது. விடுதலைக்குப் பின்னும் தடை நீடித்தது. வீட்டில் சமைக்கும் உரிமை 1995இல்தான் மீண்டது. 2021இல் மக்கல்லி சமைத்தலை அந்நாடு தன் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது. சப்பானில் 1899 முதல் வீட்டு மது தடை. இன்றும் பெருமளவு அப்படியே. ஆனால் கோஜி என்னும் பூஞ்சை கொண்டு மது சமைக்கும் மரபுக் கலையை 2024இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இந்நாட்டவர்தாம் இன்று இவ்வட்டாரத்தில் ஆலை நடத்துகிறார்கள். அவர்கள் பாட்டிமார் சாடியும் நம் வலைஞர் சாடியும் உறவுடையவை என்பதை அவர்களும் அறியார், நாமும் அறியோம்.

அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. ஜார்க்கண்டில் பழங்குடி மகளிர் ரானு என்னும் வேர்மருந்துக் கட்டியைச் சோற்றில் கலந்து ஹண்டியா சமைக்கிறார்கள். அசாமின் திமாசா மக்களின் ஜூடிமா என்னும் அரிசி மது 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆறிய சோறு, அடை, சாடி என்னும் வரிசை அங்கு இன்றும் உயிரோடிருக்கிறது.

சப்பானும் கொரியாவும் சொல்வது ஒன்று. வீட்டுச் சாடி அரசுக்கு வரி தராது. அடுக்களையில் சமைத்து அண்டை வீட்டாரோடு உண்டு முடிப்பதை எந்தக் கணக்கன் எழுத முடியும்? ஆகவே வரி வேண்டும் அரசு முதலில் வீட்டுச் சாடியை உடைக்கிறது. சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் வருவாய்க்குரிய சரக்காக்கி உரிமத்துக்குள் அடைத்தது.

தமிழகத்தில் மதுவிலக்கு வேறு நெஞ்சிலிருந்து பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் இராசாசி அதனைத் தொடங்கியபோது வருவாயை இழக்கத் துணிந்தே தொடங்கினார். 1948இல் மாகாணம் முழுதும் விரிந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1987இன் தொடக்கத்தில் கள்ளுக்குத் தடை வந்தது. அது இன்றும் நீடிக்கிறது. 1983இல் தோன்றிய டாஸ்மாக், 2003இல் சில்லறைக் கடைகளையும் தன்வசமாக்கியது. இவ்வாறு வீட்டில் சமைப்பதும் பனையில் இறக்குவதும் குற்றமாகவும், ஆலையில் வடித்ததை அரசே விற்பது இயல்பாகவும் ஆகிவிட்ட நிலையில் வாழ்கிறோம். அறத்தின் பெயரால் பூட்டிய கதவுக்கு வருவாய்த் துறை சாவி வைத்திருக்கிறது.

மயங்காது பார்த்தல்

இவ்வளவும் சொன்னதால் கள்ளுக்குக் கொடி பிடிக்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டா. வள்ளுவர் பத்துக் குறளில் கள்ளுண்ணாமை சொன்னார். அவற்றுள் ஒன்று தாயின் முகத்தை முன்னிறுத்துகிறது. மணிமேகலையில் சாதுவன் நாகர் தலைவனுக்குக் கள்ளின் தீமையை எடுத்துரைக்கிறான். அக்காப்பியமும் காஞ்சியில்தான் வந்து நிற்கிறது. சமைத்ததைப் பாடிய இலக்கியமும் தவிர்க்கச் சொன்ன இலக்கியமும் ஒரே மொழியின் இரு கண்கள். ஒன்றைக் காக்க மற்றதை மூட வேண்டியதில்லை.

இவ்வட்டாரத்து ஊர்களிலிருந்து என் வகுப்புக்கு வரும் மாணவியர் பலர். பெரும்பாணாற்றுப்படையின் இப்பகுதி வரும்போது சிலர் தலை குனிவதைக் கண்டிருக்கிறேன். சம்பள நாளன்று தந்தை வீடு திரும்பும் நேரத்தை அஞ்சி எண்ணிய பிள்ளைகள் அவர்கள். அவர்களிடம் சென்று கள் நம் பண்பாடு என்று பெருமை பேச என் நா எழாது. பாடத்திட்டத்தில் இவ்வடிகளை விரைந்து கடந்துவிடும் ஆசிரியர்களின் தயக்கமும் எனக்கு விளங்குகிறது. ஆயினும் கடந்துவிடுவதால் அப்பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? அவள் தன் தாயின் துயரைப் பண்டை நாளிலிருந்தே மாறாது வருவதாக எண்ணிக்கொள்கிறாள். அது உண்மையன்று. பாட்டிலுள்ள கள் பெண்ணின் கையில் இருந்தது. எத்தனை அரிசி, எத்தனை நாள், எவருக்கு எவ்வளவு என்பதை அவள் அறிந்திருந்தாள். இன்று அது ஆலையிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து ஆண்மகனுக்கும் செல்கிறது. பெண்ணுக்கு எஞ்சியது விளைவு மட்டுமே.

இன்னொன்றையும் பிரித்துணர வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம், செங்கற்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோரும், 2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரும் மாண்டனர். அவர்களைக் கொன்றது சாடியில் விளைந்த கள் அன்று. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால் கலந்த சாராயம். அது உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணொளியைப் பறித்து உயிரையும் பறிக்கும். நாளேடுகள் இரண்டையும் கள்ளச்சாராயம், கள், மது என்று கலந்து எழுதின. சொல்லை மயக்கினால் சாவின் காரணமும் மயங்கிவிடும். சொற்களைப் பிரித்து வைப்பது புலவரின் வேலை மட்டுமன்று, உயிர் காக்கும் வேலையும் ஆகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வீடுகளில் எஞ்சியிருப்பது

முழுவதும் போய்விட்டதா? இல்லை. ஆடித் திங்களில் தொண்டை மண்டலத்து அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கிறோம். கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யரிசியோடு துடுப்பால் துழாவி, பானையில் ஆறவிடுகிறோம். பாட்டிலுள்ள துழவைக்கும் இதற்கும் தொலைவு மிகுதியில்லை. பழைய சோறும் நீராகாரமும் இரவில் விளைபவை. இட்டிலி மாவு பொங்கியதா என்பதை மணத்தாலும் விரலாலும் அறியும் பெண், வழைச்சு அறுதல் என்னும் பழஞ்சொல்லை அறியாமலே அறிந்தவள். பாசுடர் நொதித்தலின் காரணத்தை 1857 முதல் ஆராய்ந்து, பீரைப் பற்றி 1876இல் தனி நூலே எழுதினார். அவ்வறிவின் கைப்பகுதி நம் அடுக்களைகளில் என்றும் இருந்து வந்திருக்கிறது. துழாவுதல், ஆற்றுதல், காத்திருத்தல் வரை பாதை ஒன்றே. அடை சேர்க்கும் இடத்தில் மட்டும் பாதை பிரிகிறது. அந்தப் பிரிவில் நாம் கூழின் பக்கம் நின்றுவிட்டோம். அதில் எனக்கு வருத்தமில்லை. பிரிந்த பாதை ஒன்று இருந்தது என்பதை மறந்ததில்தான் வருத்தம்.

இவ்வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகளில் மதுவைப் பற்றியவை பல உண்டு. சிலவற்றில் அது மயக்கம். சிலவற்றில் குடும்பத்தை அழிக்கும் பகை. இரண்டிலும் குடிப்பவனின் வாய் தெரிகிறது. செய்தவரின் கை தெரியவில்லை. இது மதுவுக்கு மட்டும் பொருந்துவதன்று. இவ்வட்டாரத்தில் கார் உருவாகிறது, கைப்பேசி உருவாகிறது. கார் ஓடுவதைப் பாடுகிறோம். கைப்பேசி பேசுவதைப் பாடுகிறோம். கதவுக்குச் சாயம் பூசுபவரின் மூச்சையும், நுண்ணோக்கியின் கீழ்ச் சிறு பாகங்களைப் பொருத்தும் பெண்ணின் விரலையும் இன்னும் போதிய அளவு பாடவில்லை. உருத்திரங்கண்ணனார் விரலை விட்டுவிடவில்லை. பிழியும் விரல் அவர் பாட்டில் இருக்கிறது. கலம் கழுவிய நீரும் இருக்கிறது.

அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் வெளியிடும் மலரில், நம் ஆலைகளுக்குள் நடக்கும் ஒரு வேலையை, எட்டு அடியில், ஒரு படியும் தவறாது, அதைச் செய்பவரே படித்து ஆம் என்று சொல்லும்படி எழுதிய பாட்டு ஒன்றேனும் இடம்பெற வேண்டும் என்பது என் விழைவு. அதற்குரிய பயிற்சியைப் பெரும்பாணாற்றுப்படையில் பெறலாம். மூல நூலை எடுத்து, உ.வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்து நமக்களித்த பத்துப்பாட்டின் துணைகொண்டு, வலைஞர் குடியிருப்பைப் பொறுமையாகப் படியுங்கள். நாணவும் வேண்டா, மயங்கவும் வேண்டா.